பென்டிரைவில் ஏறாத தைப்பூசப் படங்கள்

பினாங்கு தண்ணீர்மலையில் எடுத்த தைப்பூசப் படங்கள் மொத்தம் 11 ஜிபி. கோலாலம்பூரில் இருக்கும் அக்காவுக்குக் கொடுக்க, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில், பல கோப்புகளை ஒரே கோப்பாகக் கட்டும் டார் கட்டளையோடு, சுருக்கும் ஜிஜிப்பையும் சேர்த்துச் சுருக்கினேன். கோப்பி ஆறிப்போகும் வரை ஓடியது, குறைந்ததோ சொற்பம். ஜேபெக் படங்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவைதானே, பிழிந்த தேங்காயை மறுபடி பிழிந்த கதை!

அப்புறம் பென்டிரைவுக்கு மாற்றினால், 4 ஜிபியில் நின்றுவிட்டது. இடமென்னவோ தாராளம். பென்டிரைவ் கோப்புகளைச் சேமிக்கும் ஃபேட்32 வடிவத்தில் ஒரே கோப்பு 4 ஜிபியைத் தொடக்கூடாதாம். எல்லாவற்றையும் அழித்து வேறு வடிவத்துக்கு ஃபார்மட் செய்ய மனமில்லை, உள்ளே அக்காவின் பழைய கணக்குகள்.

சரி என்று ஜிஜிப்பை விட்டுவிட்டு டார் மட்டும் போட்டு, ஸ்பிளிட் கட்டளையால் 3 ஜிபி துண்டுகளாக வெட்டினேன். நான்கு துண்டு, கடைசி மட்டும் குட்டை. அக்கா வீட்டு லினக்ஸ் கணினியில் கேட் (cat) கட்டளை துண்டுகளை வரிசையாக ஒட்டிக்கொடுத்தது. கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் ஷா256 எண்ணும் இரண்டு பக்கமும் ஒன்றே.