ஊர்த் திரையரங்கில் ஆஸ்கர் பட்டியல் ஆவணப்படங்கள்: ஒரு திரையிடல் தொடரை நடத்துவது எப்படி?

முதுமலைத் தெப்பக்காடு முகாமில், பெரும்பகுதி தமிழ் பேச்சோடு எடுக்கப்பட்ட ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ 2023 மார்ச்சில் சிறந்த ஆவணக் குறும்படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. அந்தச் செய்தியைப் படிக்காத தமிழர் அரிது. ஆனால் அந்தக் காட்டையும் யானைக்குட்டியையும் பெரிய திரையில் பார்த்தவர்கள் மிகச் சிலரே, ஏனென்றால் படம் நெட்ஃபிளிக்ஸ் வழியாகவே மக்களிடம் வந்தது. ஆவணப்படம் என்றால் வீட்டில் தனியாகப் பார்ப்பதற்கு உரியது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. ஊரில் உள்ள திரையரங்கில், வாரம் ஒரு படம் என்ற கணக்கில், ஒரு மாதத்துக்கு இத்தகைய படங்களைத் திரையிட்டால் அந்த எண்ணம் மாறும் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். வாசகர் வட்டமோ திரைப்படச் சங்கமோ கல்லூரி மன்றமோ இதை முன்னெடுக்க விரும்பினால் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் காலத்தைக் குறிக்க வேண்டும். ஆஸ்கர் அமைப்பு டிசம்பரில் முழுநீள ஆவணப்படப் பிரிவிலும் ஆவணக் குறும்படப் பிரிவிலும் பதினைந்து படங்கள் வீதம் முதற்பட்டியலை வெளியிடுகிறது. பெரும்பாலும் ஜனவரியில் அது ஐந்து ஐந்தாகச் சுருங்கி இறுதிப் பரிந்துரை ஆகிறது. விழா பெரும்பாலும் மார்ச்சில் நடக்கிறது. நம் ஊர்த் திரையரங்குகளின் நாள்காட்டியோடு இது நன்றாகவே பொருந்துகிறது. பொங்கலுக்கு வந்த பெரிய நடிகர்களின் படங்கள் ஓடி அடங்கிய பிறகு, பிப்ரவரியில் காலைக் காட்சிகளுக்குக் கூட்டம் குறையும். மார்ச் வந்தால் பொதுத்தேர்வுகள் தொடங்கிவிடும், அதன் பின்னாலேயே ஐபிஎல் வந்துவிடும். ஆகவே பிப்ரவரியின் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளே சரியான தேர்வு. அதற்கான கடிதப் போக்குவரத்தை நவம்பரிலேயே தொடங்கிவிட வேண்டும்.

அந்த ஆண்டின் பட்டியலை மட்டுமே நம்பியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. புதிதாகப் பரிந்துரை பெற்ற படங்களின் உரிமை அந்த வாரங்களில் பெரிய விநியோக நிறுவனங்களின் பேச்சுவார்த்தையில் சிக்கியிருக்கும். சிறிய ஊர்த் திரையிடலுக்குப் பதில் எழுதக்கூட அவர்களுக்கு நேரம் இருக்காது. முந்தைய ஆண்டுகளின் பட்டியல்களிலிருந்து மூன்று படங்களையும், கிடைத்தால் நடப்பு ஆண்டிலிருந்து ஒன்றையும் எடுப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். தில்லியில் காயம்பட்ட பருந்துகளைக் காப்பாற்றும் இரு சகோதரர்களைப் பற்றி ஷௌனக் சென் எடுத்த ‘ஆல் தட் ப்ரீத்ஸ்’, உத்தரப் பிரதேசத்தில் தலித் பெண்கள் நடத்தும் ‘கபர் லஹரியா’ செய்தி நிறுவனத்தைப் பற்றி ரிந்து தாமஸும் சுஷ்மித் கோஷும் எடுத்த ‘ரைட்டிங் வித் ஃபயர்’ ஆகிய இரண்டும் முழுநீளப் பிரிவில் இறுதி ஐந்துக்குள் வந்தவை. இன்னும் பின்னால் போனால், மத்திய அரசின் ஆவணப்படப் பிரிவான பிலிம்ஸ் டிவிஷன் தயாரித்து, ஃபாலி பிலிமோரியா இயக்கிய ‘தி ஹவுஸ் தட் ஆனந்தா பில்ட்’ 1969இலும், விது வினோத் சோப்ரா இயக்கிய ‘ஆன் என்கவுன்டர் வித் ஃபேசஸ்’ 1979இலும் குறும்படப் பிரிவில் பரிந்துரை பெற்றிருக்கின்றன. பிலிம்ஸ் டிவிஷன் 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமான என்எஃப்டிசியோடு இணைக்கப்பட்டுவிட்டதால் இவற்றுக்கான அனுமதியை என்எஃப்டிசியிடமே கேட்க வேண்டும். இந்தப் பழைய குறும்படங்களில் ஒன்றை முதலில் காட்டி, அதன்பின் ஒரு புதிய படத்தைக் காட்டுவது பார்வையாளருக்குப் பெரிய கொடையாக அமையும்.

அடுத்தது உரிமை. நம்மிடம் உள்ள ஓடிடி சந்தா வீட்டில் பார்ப்பதற்கு மட்டுமே உரியது. அதைக் கொண்டு அரங்கில் திரையிடுவது, டிக்கெட் இல்லாவிட்டாலும், விதிமீறல்தான். நெட்ஃபிளிக்ஸ் தன் ஆவணப்படங்களில் சிலவற்றுக்குக் கட்டணமில்லாத கல்வித் திரையிடலை அனுமதிக்கிறது. எந்தப் படத்துக்கு அந்தச் சலுகை உண்டு என்பது அதன் ஊடகத் தளத்தில் அந்தந்தப் படத்தின் பக்கத்தில் குறிப்பிடப்பட்டிருக்கும். மற்ற படங்களுக்குத் தயாரிப்பாளருக்கோ விற்பனை முகவருக்கோ நேரடியாக எழுத வேண்டும். அந்தக் கடிதத்தில் திரையரங்கின் பெயர், இருக்கைகளின் எண்ணிக்கை, டிக்கெட் விலை, தேதி, ஒரே ஒரு காட்சிதான் என்ற உறுதி ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும். வசூலில் பங்கு என்று பேசுவதைவிட ஒரு காட்சிக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. தமிழில் வசனவரிகளை நாங்களே தயாரித்துத் தருகிறோம் என்று சேர்த்து எழுதுங்கள். தங்கள் படம் இன்னொரு மொழிக்குப் போகிறது என்பது ஆவணப்பட இயக்குநர்களுக்குப் பணத்தைவிடப் பெரிய ஈர்ப்பு.

தணிக்கையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 1952ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டப்படி, பொதுமக்களுக்குத் திரையரங்கில் காட்டப்படும் எந்தப் படத்துக்கும் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். ஆவணப்படத்துக்குத் தனி விலக்கு கிடையாது. முன்தணிக்கை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1970இல் தீர்ப்பளித்த கே.ஏ. அப்பாஸ் வழக்கே ஓர் ஆவணக் குறும்படத்தை முன்வைத்து எழுந்ததுதான். சான்றிதழ் இருக்கிறதா என்று படத்தின் உரிமையாளரிடம் முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் அவரே தணிக்கை வாரியத்தின் ‘இ-சினிபிரமான்’ இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் அவர் சார்பில் அவசரப்படுத்த முடியாது. சட்டத்தின் 9ஆம் பிரிவின்கீழ் மத்திய அரசு விலக்கு அளிக்கலாம். திரைப்பட விழாக்கள் அந்த வழியில்தான் நடக்கின்றன. அதற்குப் படங்களின் பட்டியலோடும் கதைச்சுருக்கத்தோடும் பல வாரங்கள் முன்பே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். சத்யஜித் ராயைத் தலைவராகக் கொண்டு 1959இல் தொடங்கப்பட்ட இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பில் உங்கள் சங்கம் உறுப்பினராக இருந்தால், உறுப்பினர்களுக்கு மட்டுமான திரையிடல் குறித்து அவர்களிடம் வழிகாட்டுதல் பெறலாம்.

இனித் திரையரங்கு உரிமையாளரிடம் போக வேண்டும். ஞாயிறு காலை ஒன்பது மணிக் காட்சியை வாடகை அடிப்படையில் கேளுங்கள். பதினொன்றரை மணிக்கு அவருடைய வழக்கமான காட்சி தொடங்கும் என்றால், பத்தே முக்காலுக்குள் படம் முடிந்து, பதினொன்றேகால் வரை உரையாடல் நடந்து, அதன்பின் அரங்கைக் கூட்டிப் பெருக்க அவருக்குக் கால் மணி நேரம் இருக்க வேண்டும். இந்தக் கணக்குக்கு நூறு நிமிடத்துக்கு உட்பட்ட படமே பொருந்தும். நீளமான படமென்றால் உரையாடல் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் கட்டாயம் கேட்கப்போவது இடைவேளையைப் பற்றித்தான், ஏனென்றால் அவருடைய வருமானத்தில் கேண்டீனுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆவணப்படத்தை நடுவில் வெட்டி விளக்கைப் போடுவதற்கு ஒருபோதும் இணங்காதீர்கள். அதற்கு ஈடாக, படம் முடிந்ததும் பத்து நிமிடத் தேநீர் இடைவெளி விட்டு, பிறகு உரையாடலைத் தொடங்குவதாகச் சொல்லுங்கள். கேண்டீனுக்கும் விற்பனை நடக்கும், தேநீர்க் கோப்பையோடு திரும்பி வருகிறவர்கள் பேசவும் தயாராக இருப்பார்கள்.

தொழில்நுட்பத்தில் கவனம் தவறினால் மற்ற உழைப்பு அத்தனையும் வீணாகும். திரையரங்குக்குரிய வடிவம் டிசிபி, அதாவது டிஜிட்டல் திரையிடலுக்காகப் படத்தின் ஒளியையும் ஒலியையும் சேர்த்துக் கட்டிய கோப்புத் தொகுப்பு. அரங்கில் படத்தை ஓட்டும் கணினியான சர்வர் க்யூப் நிறுவனத்தினுடையதா யுஎஃப்ஓ நிறுவனத்தினுடையதா, அது டிசிபியை நேரடியாக ஏற்குமா என்று ஆபரேட்டரிடம் கேளுங்கள். ஏற்காது என்றால் அந்த நிறுவனத்தின் வடிவத்துக்கு மாற்றக் கூடுதல் நாட்கள் தேவைப்படும். டிசிபி வரும் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் லினக்ஸ் முறையில் அமைந்திருக்கும். அதைச் சாதாரண விண்டோஸ் கணினியில் செருகினால் ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்கும். ஆம் என்று அழுத்திவிட்டால் படம் போய்விடும். ஆகவே டிஸ்க்கின் மேல் ‘கணினியில் செருகாதீர்கள்’ என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். பூட்டப்பட்ட டிசிபிக்குக் கேடிஎம் என்ற திறவுகோல் கோப்பு தனியே வரும். அது அந்த ஒரு சர்வரில், குறித்த நேரத்துக்குள் மட்டுமே வேலை செய்யும். வெளிநாட்டில் தயாராகும் கேடிஎம்மில் நேரக் கணக்கு குழம்புவது வழக்கம் என்பதால், சனிக்கிழமைக் காலையிலிருந்தே செல்லுபடியாகும்படி கேட்டு வாங்குங்கள். சனிக்கிழமை இரவு கடைசிக் காட்சி முடிந்ததும் சோதனைத் திரையிடல் நடத்த அது உதவும். ஆவணப்படங்களில் பேச்சே முதன்மை. மசாலாப் படத்துக்கு வைத்திருக்கும் ஒலி அளவு இதற்கு ஒத்துவராது. அரங்கின் கடைசி வரிசையில் ஒருவரை உட்காரவைத்து அளவைச் சரிசெய்து, அந்த எண்ணை ஆபரேட்டரின் அறையிலேயே எழுதி வையுங்கள்.

வசனவரிகளுக்கு மிகுந்த உழைப்பைக் கொடுங்கள், ஏனென்றால் இந்தித் திரைப்படத்தை ஆங்கில வரிகளோடு காட்டினால் ஊரில் பாதிப் பேர் வெளியே நிற்க வேண்டியதுதான். ஒரு நேரத்தில் இரண்டு வரிகளுக்கு மேல் வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் சொன்னதை எல்லாம் மொழிபெயர்க்க முயலாமல், கண் ஒரே ஓட்டத்தில் படிக்கக்கூடிய அளவுக்குச் சுருக்குங்கள். ஒரு பாட்டியும் ஒரு வழக்கறிஞரும் ஒரே நடையில் பேசக் கூடாது. இன்னொரு சிக்கல் பலருக்கும் கடைசி நாளில்தான் தெரியவரும்: பல சர்வர்களும் புரொஜெக்டர்களும் தமிழ் எழுத்துருவை ஒழுங்காக அடுக்குவதில்லை. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் தள்ளி நிற்கும், புள்ளிகள் தனியே மிதக்கும். ஆகவே வசனவரிகளை எழுத்துக் கோப்பாகத் தராமல், படத்திலேயே பதித்தோ பட வடிவிலோ டிசிபி செய்து தரும்படி தயாரிக்கும் கூடத்திடம் சொல்லிவிடுங்கள். பதித்த பிரதியை இயக்குநர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே திரையிட வேண்டும்.

பார்வையாளர்களை அழைக்கும்போது விருதின் பெயர் முதல் நாளுக்கு உதவும், இரண்டாம் வாரத்துக்கு உதவாது. பருந்துப் படத்துக்குக் கால்நடை மருத்துவரையும் பறவை பார்ப்போரையும், செய்தியாளர் படத்துக்கு உள்ளூர் நிருபர்களையும் மகளிர் குழுக்களையும் நேரில் போய் அழையுங்கள். 1998இலிருந்து மதுரையில் ஆர்.பி. அமுதன் நடத்திவரும் ஆவணப்பட, குறும்பட விழாவைப் பாருங்கள். இத்தகைய படங்களுக்குத் தமிழ்நாட்டில் பார்வையாளர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. வன்முறையோ பாலியல் கொடுமையோ இடம்பெறும் படமென்றால் அதைச் சுவரொட்டியிலும் நுழைவாயிலிலும் வெளிப்படையாக எழுதுங்கள். நடுவில் எழுந்து போக நினைப்பவருக்காகக் கதவருகே ஒருவர் நிற்கட்டும்.

உரையாடலை ‘படம் எப்படி இருந்தது?’ என்று தொடங்கினால் ‘நன்றாக இருந்தது’ என்பதோடு அது முடிந்துவிடும். படத்துக்குள் இருக்கும் ஒரு முடிவைப் பற்றிக் கேளுங்கள். ‘ரைட்டிங் வித் ஃபயர்’ பரிந்துரை பெற்ற பின், 2022 மார்ச்சில், தங்கள் பணியைப் படம் முழுமையாகக் காட்டவில்லை என்று கபர் லஹரியாவே அறிக்கை வெளியிட்டது. அந்தச் செய்தியை அரங்கில் சொல்லிவிட்டு, ஒருவருடைய வாழ்க்கையைப் படமாக்குகிறவருக்கு எதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு, எதை விடும் உரிமை உண்டு என்று கேட்டால், எழுந்து பேசக் கூசுகிறவர்களும் பேசுவார்கள். மேடையில் விருந்தினர் வரிசை வேண்டாம். ஒருவர் ஒலிவாங்கியோடு இருக்கைகளுக்கு இடையே நடந்தால் போதும். இயக்குநர் காணொலியில் இணைய ஒப்புக்கொண்டால், கேள்விகளைத் தமிழில் வாங்கி மொழிபெயர்க்க ஒருவரை முன்பே அமர்த்திக்கொள்ளுங்கள். ஆவணப்படங்களில் முக்கியமான தகவல்கள் இறுதி எழுத்துகளின்போதே வருவதால், திரை முழுக்க இருளும் வரை விளக்கைப் போடக் கூடாது என்று ஆபரேட்டரிடம் காட்சி தொடங்கும் முன் இன்னொரு முறை நினைவூட்டுங்கள்.

ஒவ்வொரு காட்சிக்கும் பிறகு, அந்த வாரத்துக்குள்ளேயே, வந்தவர்களின் எண்ணிக்கை, வசூல், அரங்கில் எழுந்த கேள்விகள் ஆகியவற்றைத் தயாரிப்பாளருக்கு எழுதி அனுப்புங்கள். பேசிய தொகையையும் அப்போதே செலுத்திவிடுங்கள். சர்வரிலிருந்து படம் அழிக்கப்பட்டதை ஆபரேட்டரோடு சேர்ந்து சரிபார்த்து, ஹார்ட் டிஸ்க்கைத் திருப்பி அனுப்பிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தமிழ் வசனவரிக் கோப்பின் ஒரு பிரதியை இயக்குநரிடமே கொடுத்துவிட்டால், வேறொரு தமிழ் ஊர் அதே படத்தைக் கேட்கும்போது அவர் அதையே அனுப்பிவைப்பார்.