டிக்கெட் வாங்குறதுக்கு முன்னாடி கணக்கு போட்டுப் பாக்குறது எப்படி?

லாட்டரியோ கேசினோவோ, காசு வைக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: இருக்குற எல்லா நம்பரையும் நானே வாங்கிட்டா எவ்ளோ திரும்பி வரும்? ரூலெட்ல, அதாவது நம்பர் போட்ட சக்கரத்த சுத்தி பந்து எந்த நம்பர்ல விழும்னு காசு வைக்கிற ஆட்டத்துல, இது சுலபமா புரியும். ஐரோப்பிய சக்கரத்துல 0 சேர்த்து 37 நம்பர், ஒவ்வொண்ணு மேலயும் 1 காயின் வச்சா 37 காயின் போடுறீங்க, எது விழுந்தாலும் பரிசு 35, நீங்க வச்ச 1, ஆக 36 தான் கைக்கு வரும். அந்த ஒரு காயின் தான் ஆட்டம் நடத்துறவங்களுக்குப் போற 2.7 சதவீதம். அமெரிக்க சக்கரத்துல 00ன்னு இன்னொண்ணு இருக்கு, பரிசு மட்டும் அதே 35 தான், அதனால 5.26 சதவீதம் போயிடும்.

லாட்டரிக்கு வருவோம். 49ல 6 நம்பர் எடுக்குற ஆட்டம்னா 49×48×47×46×45×44 பெருக்கி 720ஆல வகுங்க, 1,39,83,816 வரும், அத்தன விதமா நம்பர் எடுக்கலாம், ஜாக்பாட் அதுல ஒண்ணுக்கு தான். வாரத்துக்கு ரெண்டு குலுக்கல், ஒவ்வொண்ணுக்கும் ஒரு டிக்கெட்னு போட்டா ஜாக்பாட் ஒரு தடவை விழ சராசரியா 1,34,000 வருஷத்துக்கு மேல ஆகும். அப்படியும் ஆசைக்கு ஒண்ணு வாங்குறீங்கன்னா 31க்கு மேல உள்ள நம்பரும் கலந்து எடுங்க, நிறைய பேரு பிறந்த தேதிய தான் போடுறாங்க, விழுந்தா பரிசப் பங்கு போடணும். இதனால விழுற வாய்ப்பு துளி கூட அதிகமாகாது, பங்கு கேக்க வர்ற ஆளு தான் குறையலாம்.

பழைய ரிசல்ட் சார்ட்டெல்லாம் பாக்கவே வேணாம். 1913 ஆகஸ்ட் 18, மான்டே கார்லோ கேசினோல ரூலெட் சக்கரத்துல கறுப்பு நம்பரே தொடர்ந்து 26 தடவை விழுந்துச்சு, இனி சிவப்பு தான்னு நம்பி காசக் கொட்டினவங்க ஏகப்பட்டத இழந்தாங்க. சக்கரத்துக்கு போன சுத்துல என்ன விழுந்துச்சுன்னே தெரியாது, ஒவ்வொரு சுத்துலயும் சிவப்புக்கு 37ல 18 தான்.

தோத்தா டபுளாக்கு, எப்படியும் எடுத்துரலாம்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு கேக்காதீங்க. 1ல ஆரம்பிச்சு பத்து தடவை வரிசையா தோத்தா 1,023 போயிருக்கும், அடுத்த பந்தயம் 1,024, அதுல ஜெயிச்சாலும் மொத்த லாபம் வெறும் 1.

ஸ்லாட் மெஷின் ஆட்டத்துல ஆர்.டி.பி. (கட்டுற காசுல சராசரியா ஆடுறவங்களுக்குத் திரும்பி வர்ற பங்கு) 96 சதவீதம்னு போட்டிருந்தா, 100 கட்டினா 96 பத்திரமா இருக்கும்னு நெனைக்காதீங்க, பிடிக்கிற 4 சதவீதம் ஒவ்வொரு சுத்துக்கும் உண்டு. 10 காயின் வீதம் 100 சுத்து ஆடினா 1,000 காயினுக்கு ஆடியிருக்கீங்க, சராசரியா 40 போகும். ஒரு மணி நேரத்துக்கு எத்தன சுத்து ஆடுறீங்கன்னு எண்ணி, ஒரு சுத்துக்கு வைக்கிற காசோடயும் 4 சதவீதத்தோடயும் பெருக்கிப் பாருங்க, அந்தத் தொகை போனாலும் வீட்டுச் செலவு தட்டாதுன்னா மட்டும் உக்காருங்க.