வென்டிலேட்டர் சொல்வது சரியா? கேஸ் ஃப்ளோ அனலைசரில் அளந்து பார்ப்போம்

சேலம் அடிவாரத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட், ஏற்காடு போய்ச் சேர்வதற்குள் பலூன் மாதிரி உப்பிவிடும். 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டுவதற்குள் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்துவிடுகிறது. உள்ளே அடைபட்ட காற்று விரிகிறது. பயோமெடிக்கல் (மருத்துவக் கருவிகளைப் பராமரிக்கும்) வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் இந்தப் பாக்கெட்டை மறக்க வேண்டாம், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

மூச்சுக்கு 500 மி.லி. காற்று கொடுக்கிறேன் என்று வென்டிலேட்டர் திரையில் காட்டுவது அதன் சொந்தக் கணக்கு. நிஜமாக எவ்வளவு போகிறது என்று வெளியிலிருந்து அளந்து சொல்வதுதான் அனலைசர்.

1. தயார் செய்வது. நோயாளிக்கு மாட்டியிருக்கும் இயந்திரத்தில் கை வைக்கக் கூடாது. சுத்தம் செய்து தனியே எடுத்து வைத்ததில் மட்டும் சோதனை. காற்றை ஈரமாக்கும் ஹ்யூமிடிஃபையரை நிறுத்திவிடுங்கள், ஈரம் பட்டால் ஃப்ளோ சென்சார் தப்பாகக் காட்டும்.

2. ஜீரோ. அனலைசரை ஆன் செய்து, மேனுவலில் சொன்ன நேரம் சூடாக விடுங்கள். அதற்குள் ஒரு டீ குடிக்கலாம். பிறகு எதையும் இணைக்காமல் ஜீரோ செய்யுங்கள். ஃபேனுக்கு நேராக வைத்து மட்டும் வேண்டாம். சேலம் வெயிலில் ஃபேன் இல்லாமல் உட்கார முடியாது என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

3. இணைப்பு. முதலில் வென்டிலேட்டரின் செல்ஃப் டெஸ்ட், லீக் டெஸ்ட். அது தேறாவிட்டால் மேலே போக வேண்டாம், டியூபைப் பாருங்கள். அப்புறம் ஒய் பீஸ் (இரண்டு டியூபும் சேரும் Y வடிவ இணைப்பு), பாக்டீரியா ஃபில்டர், அனலைசர், டெஸ்ட் லங் (நுரையீரலுக்குப் பதிலாக மாட்டும் சோதனைப் பை) என்ற வரிசையில் மாட்டுங்கள். அனலைசர் மேலுள்ள அம்புக்குறி டெஸ்ட் லங்கைப் பார்த்து இருக்கட்டும்.

4. கேஸ் ஸ்டாண்டர்ட். எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. ஒரே காற்றை இரண்டு விதமாகக் கணக்கிடலாம். அறையின் வெப்பம், அழுத்தத்திலேயே சொன்னால் ஏடிபி. நுரையீரலுக்குள் 37 டிகிரியில் ஈரத்தோடு எவ்வளவு இருக்கும் என்று சொன்னால் பிடிபிஎஸ். சேலத்தில் 30 டிகிரி அறையில் 500 மி.லி. உலர்ந்த காற்று, பிடிபிஎஸ் கணக்கில் ஏறக்குறைய 545 மி.லி. ஆகிவிடும். வென்டிலேட்டர் ஒன்றிலும் அனலைசர் இன்னொன்றிலும் இருந்தால், நல்ல இயந்திரத்தைக் கெட்டது என்று எழுதிவிடுவீர்கள். வென்டிலேட்டர் மேனுவலைப் பார்த்து, அனலைசரையும் அதற்கே மாற்றுங்கள்.

இப்போது சிப்ஸ் பாக்கெட்டுக்கு வருவோம். சேலத்திலிருந்து ஏற்காட்டில் ஒரு சிறிய மருத்துவமனைக்குப் போன வென்டிலேட்டரைச் சோதிக்கப் போயிருந்தேன். 500 வைத்தால் அனலைசர் 580-ஐ ஒட்டிக் காட்டியது. சென்சார் போய்விட்டது என்று முடிவுகட்டி, பாதி நாளை வீணாக்கினேன். கடைசியில் பார்த்தால், வென்டிலேட்டர் மெனுவில் உயரம் சேலத்து 280 மீட்டரிலேயே நிற்கிறது! ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். சேலத்தில் 980 ஹெக்டோபாஸ்கலை ஒட்டியிருக்கும் காற்றழுத்தம் அங்கே 845 அளவுக்கு இறங்கிவிடும். சேலத்துக் கணக்கில் 500 என்று அனுப்பிய காற்று, சிப்ஸ் பாக்கெட் மாதிரியே விரிந்து 580 ஆகிவிட்டது. உயரத்தைத் திருத்தினேன், சரியாகிவிட்டது.

5. அளப்பது. வால்யூம் கன்ட்ரோல் முறையில் டைடல் வால்யூம் (ஒரு மூச்சின் அளவு) 500 மி.லி., நிமிடத்துக்கு 12 மூச்சு, பீப் (மூச்சு வெளியேறிய பிறகும் நுரையீரலில் நிற்கும் அழுத்தம்) 5 செ.மீ. நீர், ஐ:ஈ (மூச்சு உள்ளே போகும், வெளியே வரும் நேரங்களின் விகிதம்) 1:2 என்று வைத்து, சில மூச்சுகள் போக விட்டுக் குறியுங்கள். மூச்சுக்கு 5 விநாடி, நிமிடத்துக்கு 6 லிட்டர் வர வேண்டும். டெஸ்ட் லங்கின் கம்ப்ளையன்ஸ் (ஒரு செ.மீ. நீர் அழுத்தத்துக்கு எத்தனை மி.லி. விரியும் என்பது) 20 என்றால், 500-ஐ 20-ஆல் வகுத்தால் 25. பீப் 5 சேர்த்தால், பிளாட்டோ அழுத்தம் (மூச்சு உள்ளே போய் ஓட்டம் நின்றதும் இருக்கும் அழுத்தம்) 30 செ.மீ. நீரை ஒட்டி நிற்கும். இந்த மனக்கணக்கு கைவசம் இருந்தால், லீக் இருப்பது உடனே தெரிந்துவிடும். எவ்வளவு வித்தியாசம் அனுமதி என்பதற்கு அந்தந்த மாடலின் மேனுவல்தான் பேச வேண்டும்.

6. ஆக்சிஜன். 21, 60, 100 சதவீதத்தில் பாருங்கள். மலையிலும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். ஆனால் ஆக்சிஜனை அளக்கும் கால்வானிக் செல் உணர்வது அதன் அழுத்தத்தை. சேலத்தில் கேலிபரேட் செய்த செல், அழுத்தத் திருத்தம் இல்லாவிட்டால், ஏற்காட்டில் 18 என்று சொல்லும். அதனால் மேலே போனதும் அங்கேயே மறுபடி கேலிபரேட் செய்யுங்கள்.

7. அலாரம். டெஸ்ட் லங்கைக் கழற்றுங்கள், கத்த வேண்டும். டியூபை மடக்கிப் பிடியுங்கள், அதற்கும் கத்த வேண்டும். ரிப்போர்ட்டில் அளவுகளோடு அறை வெப்பம், காற்றழுத்தம், ஏடிபியா பிடிபிஎஸ்ஸா, அனலைசரின் கேலிபரேஷன் தேதி, நாலையும் எழுதுங்கள்.