முகப்பு விளக்கில் கைவைக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹாலஜன் பல்பைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் எல்.இ.டி. பல்பைச் செருகுவது நம் ஊரில் வெகு சாதாரணமாக நடக்கிறது. அது விதிமீறல் என்ற எண்ணமே பலருக்கு வருவதில்லை. “வாட் குறைவுதானே, பேட்டரிக்கும் நல்லதுதானே” என்பார்கள். ஆனால் விதி பார்ப்பது வாட்டை மட்டுமல்ல, ஒளி எங்கே போய் விழுகிறது என்பதையும்தான்.

பல கார்களில் உள்ள எச்4 என்ற ஹாலஜன் பல்புக்குள் இரண்டு இழைகள் உண்டு. தூரத்துக்கு அடிக்கும் ஹை பீமுக்கு 60 வாட், தாழ்ந்து அடிக்கும் லோ பீமுக்கு 55 வாட். லோ பீம் இழைக்கு அடியில் ஒரு சிறிய உலோகக் கிண்ணம் இருக்கும். ஒளியை முன்னே திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதிக்கு ஒளி போகாமல் அது மறைப்பதால்தான் எதிரே வருபவரின் கண் கூசாமல் தப்பிக்கிறது. ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்த இழை நிற்கும் புள்ளியைக் கணக்கிட்டு வடிக்கப்பட்டது. எல்.இ.டி. பல்பிலோ ஒளி தட்டையான சிப்புகளிலிருந்து பக்கவாட்டில் கிளம்புகிறது. புள்ளி சற்றே பிசகினாலும் மேலே வெட்டினாற்போல் நிற்க வேண்டிய ஒளிக்கோடு கலைந்துவிடும். காருக்கு முன்னே சில அடிகள் பளிச்சென்று இருக்கும், தூரத்தில் நிற்கும் மாடு தெரியாது. எதிரே பைக்கில் வருபவருக்கோ சாலையே மறைந்துபோகும். இதைச் சின்னக் குற்றம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

“கம்பெனியிலிருந்து வரும் கார்களிலேயே எல்.இ.டி. இருக்கிறதே” என்ற வாதம் செல்லாது. ஒப்புதல் பெறுவது ஒளிமூலம், ரிஃப்ளெக்டர், விளக்கின் முகப்புக் கண்ணாடி எல்லாம் சேர்ந்த முழு விளக்கு. ஒன்றை மாற்றினால் அந்த ஒப்புதல் போயிற்று. ஜெர்மனி 2020-இல் மாற்று எல்.இ.டி. பல்புக்கு அனுமதி தந்தபோதும், சோதித்துப் பட்டியலிட்ட கார் மாடல்களுக்கு மட்டுமே தந்தது. இங்கே, மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் திருத்தப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

முழு விளக்கையே வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் செய்யும் தவறு வேறு. வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தையும் ஓர் எண்ணையும் பார்த்ததும் தரம் உறுதி என்று நம்பிவிடுகிறார்கள். அந்த எண் ஒப்புதல் தந்த நாட்டைத்தான் சொல்கிறது: 1 என்றால் ஜெர்மனி, 4 என்றால் நெதர்லாந்து. நாம் தேட வேண்டியது அம்புக்குறி. சாலையின் இடப்புறம் ஓட்டும் நாடுகளுக்கான விளக்கில், அதை எதிரே நின்று பார்ப்பவருக்கு வலப்பக்கம் நோக்கிய அம்பு இருக்கும். இருபுறமும் அம்பு இருந்தால் இரண்டு வகைச் சாலைக்கும் மாற்றி அமைத்துக்கொள்ளலாம். அம்பே இல்லையென்றால் அது வலப்புறம் ஓட்டும் நாடுகளுக்கானது. அதன் லோ பீம் வலப்பக்கம் உயர்ந்து அடிக்கும். நம் சாலையில் அது நேரே எதிரில் வருபவரின் முகம்.

புதிய எஸ்.யு.வி.களில் இன்னொரு குழப்பம். ஹேரியர் போன்றவற்றில் பானட்டை ஒட்டி மின்னும் மெல்லிய கோடு பகல்நேர விளக்குதான், உண்மையான முகப்பு விளக்கு கீழே பம்பரில் இருக்கிறது. அந்தக் கோடு எரிவதையும் டிஜிட்டல் டயல் ஒளிர்வதையும் பார்த்துவிட்டு, விளக்கைப் போட்டாயிற்று என்று இருட்டில் ஓட்டுபவர்கள் உண்டு. பல கார்களில் பகல்நேர விளக்கு மட்டும் எரிந்தால் பின்விளக்கு எரியாது. பின்னால் வரும் லாரிக்கு உங்கள் கார் இல்லவே இல்லை. விளக்கின் மேல் புகைநிற ஃபிலிம் ஒட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஒட்டாதீர்கள்.

கடைசித் தவறு பைசா செலவில்லாமல் தீரக்கூடியது. ஸ்டீயரிங்குக்கு அருகே, பெரும்பாலும் 0 முதல் 3 வரை எண்ணிட்ட ஒரு சிறு உருளை இருக்கும். பலர் அதைத் தொட்டதே இல்லை. பின் சீட்டில் மூன்று பேரும் டிக்கி நிறையச் சாமானும் ஏறினால் காரின் மூக்கு தூக்கும், லோ பீமும் கூடவே தூக்கும். எண்ணைக் கூட்டினால் ஒளி தாழும். எந்தச் சுமைக்கு எந்த எண் என்பது காரோடு தந்த கையேட்டில் இருக்கிறது. முகப்பு விளக்கின் அருகே, ஒளி தாழ வேண்டிய அளவாக ‘1%’ என்று அச்சிட்டிருந்தால், ஓட்டுநர் மட்டும் அமர்ந்து, உருளையை 0-வில் வைத்து, சமதளத்தில் 10 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் ஒளிக்கோடு விளக்கின் உயரத்தைவிட 10 சென்டிமீட்டர் தாழ்ந்து விழ வேண்டும். அதற்கு மேலே விழுந்தால் மெக்கானிக்கிடம் விளக்குக்கு ‘அலைன்மென்ட்’ செய்யச் சொல்லுங்கள்.