வெளிநாட்டுச் சிறையில் அநியாயமாக அடைபட்டவருக்காகக் குரல் கொடுப்பது எப்படி?

முதலில் குடும்பத்தின் சம்மதம், அது இல்லாமல் ஒரு பதிவுகூடப் போடாதீர்கள். அப்புறம் ஒரே படம், ஒரே கோரிக்கை. உதாரணத்துக்கு, 2016 ஏப்ரலில் ஈரானில் கைதான பிரிட்டிஷ்-ஈரானியப் பெண் நசானின் ஜகாரி-ராட்க்ளிஃபின் கணவர் ரிச்சர்ட் 2021இல் லண்டனில் வெளியுறவு அமைச்சக வாசலில் கூடாரம் போட்டு 21 நாள் பட்டினி கிடந்தார். ஈரானைத் திட்டியதோடு நிற்காமல், பழைய டாங்கி பேரத்தில் பிரிட்டன் ஈரானுக்குத் திருப்பித் தரவேண்டிய சுமார் 40 கோடி பவுண்டைக் கொடுத்துவிடும்படி தன் அரசையும் கேட்டுக்கொண்டே இருந்தார். சாமர்த்தியம் அதுதான். 2022 மார்ச்சில் கடன் அடைந்தது, நசானினும் வீடு வந்தார்.

எம்.பி.க்கு எழுதினால் உறுதியான விவரம் மட்டும் எழுதுங்கள். குடும்பத்தைப் பார்க்கப் போன நசானினைப் பத்திரிகைத் தொழில் சொல்லிக்கொடுக்கப் போனதாக 2017இல் பிரிட்டன் வெளியுறவு அமைச்சராக இருந்த போரிஸ் ஜான்சன் உளறப்போய், ஈரான் அதையே நசானினுக்கு எதிராகத் திருப்பியது. பிறந்தநாள், கைதான நாள் வரும்போதெல்லாம் மறுபடி கிளப்புங்கள்.