கெம்போங் மீன் வாங்கும் முன் ஒரு சாண் அளந்து பாருங்கள்

மலேசியாவில், பினாங்குத் தீவின் கெலுகோரில் வீட்டிலிருந்தே மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கிறேன். வாரத்தில் 4 நாள் மீன் குழம்பு. அதனால் பினாங்கு பசார்களில் மீன்தட்டு பார்க்காத வாரம் எனக்கு இல்லை. கடலில் மீன் மிஞ்ச வேண்டும், அதைப் பிடிக்கிறவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். இரண்டுக்கும் வாங்குகிற நம் கையால் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு.

முதலில் அளவு. கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்து மீன் மேல் வையுங்கள். என் சாண் 19 செ.மீ. கெம்போங், அதாவது கானாங்கெளுத்தி இனத்தில் பெலாலிங் என்று விற்கிறார்களே, அது சுமார் 20 செ.மீ. வளர்ந்த பிறகுதான் முட்டையிடத் தயாராகும். அரைச் சாண் மீன் என்றால் ஒரு தடவைகூட முட்டையிடாமலே நம் சட்டிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். "பொடிசுதான்கா ருசி" என்று கடைத் தம்பி சொல்வார். பொரித்தால் ருசிதான், எனக்கும் தெரியும். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நாலு பேர் தொடர்ந்து சொன்னால் அவர் தட்டில் வைப்பதே மாறும். கெராங்கு என்கிற சிப்பிக்குச் சட்டமே அளவு வைத்திருக்கிறது: 31.8 மில்லிமீட்டருக்குக் குறைந்ததை எடுக்கக் கூடாது.

அப்புறம், எந்த வலையில் பட்டது என்று பாருங்கள். கேட்கக்கூட வேண்டாம், மீனே சொல்லும். செவுள் வலையில் மாட்டிய மீனுக்குச் செவுளுக்குப் பின்னால் கழுத்தைச் சுற்றி நூல் பதிந்த கோடு இருக்கும். உடம்பு விறைப்பாக இருக்கும். இழுவை வலை மீன் மற்ற மீன்களுக்கு அடியில் நசுங்கி வருவதால் செதில் உரிந்து, வயிறு தளர்ந்திருக்கும். கரையோரக் கடல் சிறு படகுகளுக்கென்று ஒதுக்கப்பட்டது. இழுவைப் படகு அங்கே வரக் கூடாது. அதன் வலை முனைப் பையில் கண் 38 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்றும் விதி. ஆனால் பாரம் ஏறி இழுபடும்போது அந்தக் கண் ஒடுங்கிப் போகும். குஞ்சுகள் வெளியேற வழி இல்லை. அப்படி வருவதை இக்கான் பாஜா, அதாவது உர மீன் என்று அள்ளி, மீன்தூளுக்கும் வளர்ப்பு மீன் தீனிக்கும் அனுப்புகிறார்கள். நாளைக்கு வஞ்சிரமாகவும் வாவலாகவும் வளர வேண்டியதும் அந்தக் குவியலில் கிடக்கும். பார்க்கவே மனசு தாங்காது.

முடிந்தால் படகுகள் வந்து சேரும் தெலுக் கும்பார் கடற்கரைப் பக்கம் காலையில் போய், படகு கரை சேரும்போதே வாங்குங்கள். நான் மீன் வாங்கும் பாக் சிக்கும் (பெரியவரை மலாயில் அப்படித்தான் கூப்பிடுவோம்) அவர் மனைவியும் மணலில் உட்கார்ந்து ஒவ்வொரு மீனாக வலையிலிருந்து கழற்றுவார்கள். நூலை இழுக்காமல், தலையைத் திருப்பி, செவுளை ஒரு விரலால் தூக்கி எடுப்பார்கள். சிறு படகுக்காரர் பலருக்குத் தவுக்கேயிடம், அதாவது மீனை மொத்தமாக வாங்கும் முதலாளியிடம், கடன் இருக்கும். இன்ஜினுக்கும் வலைக்கும் பணம் கொடுத்தவர் அவர், அதனால் மீன் விலையைச் சொல்வதும் அவர்தான். நமக்கு நேராக விற்கலாமா என்று உங்கள் படகுக்காரரையே கேளுங்கள். அவருக்குத் தவுக்கேயிடம் சங்கடம் வரக் கூடாது. விற்கலாம் என்றால் பேரம் பேசாமல் கையில் காசு கொடுங்கள். பசார் விலையைவிட ஒரு வெள்ளி (ரிங்கிட்) குறைத்துக் கேட்பது நியாயமில்லை.

தனியாகப் போனால் நமக்குப் பிடித்த மீன் மட்டும்தான் எடுப்போம். எங்கள் பிளாட்டில் 5 வீடு சேர்ந்து வாட்ஸ்அப்பில் சொல்லி வைத்து, வந்த மீனை மொத்தமாக எடுத்துப் பங்கு போடுகிறோம். கெலாமா, கெளுத்தி எல்லாம் வரும். கெலாமாவைப் புளி தூக்கலாக வைத்தால் என் வாடிக்கையாளர்கள் மறுபடியும் கேட்கிறார்கள். விலைபோகாத மீனுக்கும் காசு கிடைத்தால் அந்தப் படகுக்கு நட்டம் குறையும்.

ஐஸ் பெட்டி எடுத்துப் போக மறக்காதீர்கள். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ், தூளாக. அடியில் ஒரு வரிசை, மேலே ஒரு வரிசை. உருகிய தண்ணீரில் மீன் ஊறாதபடி பெட்டியின் அடியில் உள்ள அடைப்பானைத் திறந்து அவ்வப்போது வடித்துவிடுங்கள்.