ராமேஸ்வரம் பக்கம் பூட்டிக் ஹோட்டல்: எங்கே ஏமாறுகிறோம்?

வெள்ளைச் சுவர், ஆத்தங்குடித் தரை, மூங்கில் விளக்கு, முற்றத்தில் ஊஞ்சல். பூட்டிக் ஹோட்டல், அதாவது அழகு பார்த்துக் கட்டிய சின்ன விடுதியின் படங்கள் கண்ணைப் பறிக்கத்தான் செய்யும். அதை மட்டும் நம்பி முன்பணம் கட்டுவதுதான் முதல் தவறு. இந்தக் கரையில் அழகைத் தின்பது உப்பு. புதிதில் பளபளத்த கறுப்பு ஷவர் கொஞ்ச நாளில் வெள்ளை பூத்து, பாதித் துளை அடைத்து, தண்ணீரைக் கோணலாகப் பீய்ச்சும். கதவுக் கீலும் ஏசியின் வெளிப்பெட்டியும் துருவேறும். எனவே ஹோட்டல்காரர் போட்ட படத்தை விட்டுவிட்டு, தங்கிப் போனவர்கள் கூகுள் மேப்பில் அண்மையில் போட்டதைப் பாருங்கள், முக்கியமாகக் குளியலறையை. போன் போட்டு, "குளிக்கிற தண்ணி உப்பா, நல்ல தண்ணியா?" என்று கேட்டுவிடுங்கள். மாவட்டத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்புதான். சோப்பு நுரைக்காத அறைக்கு எதற்கு ஆயிரக்கணக்கில் வாடகை?

அடுத்தது இடம். கோயிலுக்காகப் போகிறவர்கள், கோயிலிலிருந்து தள்ளி இருக்கும் மண்டபத்திலோ பாம்பனிலோ அழகான அறை எடுத்துவிட்டு அவதிப்படுகிறார்கள். அக்னி தீர்த்தத்தில் முழுகி, உள்ளே 22 தீர்த்தமும் ஆடிய பிறகு, ஈரத்துணியோடு சன்னதிக்குப் போக முடியாது. உடை மாற்றியாக வேண்டும். வயதானவர்கள் கூட வந்தால், நடந்து திரும்பும் தூரத்தில் இருக்கும் சுமாரான அறையே மேல். "மண்டபத்தில் இறங்கித்தான் போகணும், அங்கேயே தங்குங்க" என்ற பழைய யோசனையையும் மறந்துவிடுங்கள். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து ரயில் மறுபடி ராமேஸ்வரம் வரை போகிறது. கோயில் நோக்கமில்லை, கடலும் காற்றும் போதும் என்றால் மட்டும் மண்டபம், உச்சிப்புளி பக்கம் தேடலாம்.

"கடல் பார்த்த அறை" என்றால் எந்தக் கடல் என்று கேளுங்கள். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக்காற்று அடிக்கும் மார்கழியில் வடகரை கொந்தளிக்கும், தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கரை. பால்கனியில் உட்கார்ந்து காபி குடிக்கலாமா, கதவையே திறக்க முடியாதா என்பதை மாதம்தான் முடிவு செய்யும். சில இடங்களில் கடல் மொட்டை மாடியில் ஏறினால்தான் தெரியும் என்பது வேறு கதை. கரையில் கருவாடு காய்ந்தால் வாடை அறைக்குள்ளும் வரும். அதற்கு மீனவர்களைக் குறை சொல்லி விமர்சனம் எழுதுகிறார்கள். ஹோட்டலுக்கு முன்பே அங்கே இருந்தவர்கள் அவர்கள்.

நேரக் கணக்கு இன்னொன்று. சென்னையிலிருந்து ராத்திரி ரயில் ஏறினால் விடியற்காலையில் இறங்குவீர்கள். செக்-இன் மதியம் 12 அல்லது 1 மணி என்றால் அதுவரை பெட்டியோடு திண்டாட்டம். 24 மணி நேரக் கணக்கா, முன்னதாக அறை தருவார்களா என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆடி, தை அமாவாசையில் ஊரே நிரம்பி வழியும். அந்தத் தேதிகளில் வாடகையும் ரத்து விதிகளும் வேறாக இருக்கும்.

ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்குள் என்றால் 5.

காரில் போகிறவர்கள், டிரைவர் படுக்க இடம் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். நாலைந்து அறையே உள்ள விடுதிகளில் பெரும்பாலும் இருக்காது. இரவெல்லாம் அந்தப் புழுக்கத்தில் காருக்குள் கொசுக்கடி பட்டவர்தான் மறுநாள் உங்களை தனுஷ்கோடிக்கு ஓட்டிப் போகப்போகிறார்.